இஸ்திரிப் பெட்டிக்கான தண்ணீர்

கில்காரன்,
செப்டம்பர் 19

அன்பு அக்கா அட்ராக்டாவுக்கு,

நேற்று ஊர் பார்க்க என் கால்சட்டை கழன்றுவிட்டது. மடத்துச் சுவருக்குள் இருந்தாலும் எல்லா வம்பும் உனக்குத்தான் முதலில் வந்து சேரும் என்பதால், வேறு யாராவது மசாலா சேர்த்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பூசை முடிந்து எல்லோரும் டெர்ரின் ஏரிக்கரையில் கூடியிருந்தார்கள். பங்குச்சாமியார் ஜெபம் சொன்னார். எங்கள் கருவியைத் தண்ணீரில் இறக்கும் பெருமை எனக்கு. படகுத்துறை ஏணியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. நான் மட்டும் ஏரிக்குள் போனேன். உள்ளே போட்டிருந்தது என் மனைவி மகராசி ஊனா கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. அதில் கலைமான்கள் ஓடும். முப்பது வருஷமாக என் சலூனில் தலையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்தக் கலைமான்களைப் பார்த்துவிட்டார்கள். இனி எந்த முகத்தோடு அவர்கள் கழுத்தில் கத்தி வைப்பேன்?

"மாலகி, கருவி பத்திரமா?" என்று கரையிலிருந்து பார்ட்லி கத்தினான்.

"நான் பத்திரமானு கேக்க மாட்டியாடா?"

"உன்னை மாதிரி ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க. அது வேணும்யா!"

பார்ட்லியை ஞாபகம் இருக்கிறதல்லவா? நம் வீட்டு டிவியைத் திறந்துபோட்டு மூடாமல் போன அதே ரிப்பேர்க்காரன். இப்போது எங்கள் ஆண்கள் கொட்டகையின் தலைமை விஞ்ஞானி. கொட்டகை என்றால் வேறொன்றுமில்லை. வீட்டில் காலடியில் இடறுகிற ஆம்பிளைகள் எல்லாம் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து பறவைக்கூடு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கும் இடம். பறவைகளை விடக் கூடுகள் அதிகமாகிவிட்டதால் தண்ணீருக்குத் தாவினோம்.

இந்த ஊர்க் குழாயில் வருவது ஏரித் தண்ணீர் என்பது உனக்குத் தெரியும். 'கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்ற மாவட்ட அறிவிப்பை என் கடைக் கண்ணாடியில் ஒட்டி, அது மஞ்சளாகி, சுருண்டு, இப்போது ஒரு பழைய வாடிக்கையாளர் மாதிரியே ஆகிவிட்டது. எப்போதாவது மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். பதில் வருவதற்குள் அந்தத் தண்ணீர் கடலுக்கே போயிருக்கும். அதனால்தான் நாங்களே கருவி செய்தோம். எங்கோ இருக்கிற யாரோ புண்ணியவான்கள் வரைபடத்தை உலகத்துக்கே இனாமாக விட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், திருத்தலாம். ஒரு சாப்பாட்டு டப்பா. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஊதா ஒளி வீசும் விளக்கு. தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அந்த ஒளி பட்டதும் லேசாக மினுங்குமாம். மினுக்கத்தை எண்ணாக்கிக் காட்டுவதுதான் கருவியின் வேலை. எண் ஏறினால் அழுக்கும் ஏறியது என்று அர்த்தம்.

ஆனால் சுத்தமான தண்ணீர் எப்படியிருக்கும் என்று முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் அது பூஜ்யத்தை முடிவு செய்யும்; அதற்குக் கீழே எண் கிடையாது. 'கிடைப்பதிலேயே தூய்மையான நீர்' என்று குறிப்பில் போட்டிருந்தது. பார்ட்லி உடனே வாளியை எடுத்துக்கொண்டு கோவான் புனிதர் கிணற்றுக்குப் போனான், சிலுவை போட்டுக்கொண்டு மொண்டு வந்தான்.

அதே கிணற்றிலிருந்து உனக்கும் வழக்கம்போல் புட்டிகள் அனுப்பியிருக்கிறேன். சிறுநீரகங்கள் என்ன சொல்கின்றன? கடவுள் உனக்கு இரண்டு கொடுத்தார். ஒன்றாவது ஒழுங்காக ஜெபிக்கட்டும். இங்கே என் இடுப்பையும் மானத்தையும் தவிர எல்லோரும் சௌக்கியம்.

உன் தம்பி,
மாலகி

---

பாலிஹாரன் மடம்,
அக்டோபர் 14

என் தம்பிக்கு, கிறிஸ்துவின் சமாதானம் உன் மேலும், அதைவிட அதிகமாக ஊனா மேலும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் உரக்கப் படிக்க அனுமதி கேட்டேன். மதர் கன்சிலியா எதற்கும் சிரிக்க மாட்டார். கலைமான்கள் வந்ததும் இருமல் வந்துவிட்டதாகச் சைகை காட்டி வெளியே போனார். தாழ்வாரம் முழுக்க அந்த இருமல் கேட்டது.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜெபிக்கிறேன். குறட்டை விடுகிறேன் என்று பக்கத்து அறைச் சகோதரி சொல்கிறாள், அவள் மிகைப்படுத்துவாள். தோட்டத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது உட்கார்ந்து செய்யும் தையல் வேலை. மருத்துவர் நல்ல மனிதர், அடிக்கடி வந்துபோகிறார். அவர் தலைமுடி நீ வெட்டிவிடுவதைவிட ஒழுங்காக இருக்கிறது.

தண்ணீர் வந்து சேர்ந்தது. ஒரு சொட்டும் வீணாகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் நெருங்குகிறது. அப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் எங்களுக்கு வரும் கடிதங்களைத் திறக்க மாட்டோம், எழுதவும் மாட்டோம் என்பதை நீ ஒவ்வொரு வருஷமும் மறக்கிறாய். உறையைப் பிரிக்காமல் கூடையில் போட்டுவிடுவார்கள். எழுதுவதென்றால் அதற்குள் எழுது.

கால்சட்டைக்கு இடுப்புவார் போட்டுக்கொள்.

அட்ராக்டா

---

கில்காரன்,
நவம்பர் 21

அன்பு அக்கா,

கூடைக்குப் போவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபால்காரனுக்கு இனாமாக முடி வெட்டிவிட்டேன். நீ நலமா? குளிர் ஏறுகிறதா? காலுறை இரண்டு போட்டுக்கொள்.

எங்கள் ஊரில் புரட்சி, அக்கா! கருவி இறங்கிய நாள் முதல் எண்ணைக் கொட்டகைச் சுவரில் எழுதிவருகிறோம். மழை, காற்று, வெயில் (அரை நாள் அடித்தது) எது வந்தாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. ஏரித் தண்ணீர் கோவான் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே இருக்கிறதாம்! நாங்கள் இத்தனை காலமாகக் கொதிநீர்க் கேத்தலுக்கு அடிமைகளாக இருந்தது வீண்.

மாவட்டப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ஒரு சாப்பாட்டு டப்பா சொல்லுதுனு நாங்க அறிவிப்பை எடுக்க முடியாதுங்க."

"உங்க புட்டி சொல்லுதுனு நாங்க மட்டும் எத்தனை காலம் கேத்தலைக் கட்டிக்கிட்டு அழறது?" என்றான் பார்ட்லி.

"சோதனைச்சாலைல பாத்தது சார் அது."

"உங்க சோதனைச்சாலை இந்தத் தண்ணிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுது. எங்க டப்பா அதோடயே குடித்தனம் பண்ணுது!"

கைதட்டல் அடங்க நேரமானது. அன்று சாயங்காலமே ஊர் முழுக்க அறிவிப்புகளைக் கிழித்துவிட்டார்கள். என் கடையிலிருந்ததை நானே கிழித்தேன். பசை விடமாட்டேன் என்றது. ஞாயிறு பூசையில் சாமியார் கொட்டகைக்கு நன்றி சொன்னார். உன் தம்பி எழுந்து நின்று தலைவணங்கினான். ஊனா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பெரிய கேனாகவே கோவான் தண்ணீர் வருகிறது. இதுவரை புனிதர் மட்டும்தான் அதற்குப் பொறுப்பு. இனி விஞ்ஞானமும் பொறுப்பு. மடத்தில் எல்லோருக்கும் கொடு, இருமுகிறவருக்கும் சேர்த்து.

உன் பெருமைக்குரிய
மாலகி

---

பாலிஹாரன் மடம்,
ஜனவரி 10

தம்பி மாலகிக்கு, புது வருஷம் உன்னிடம் கொஞ்சம் இரக்கம் காட்டட்டும்.

கையெழுத்து ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்பாய். சாய்ந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான். பண்டிகைக் களைப்பு. இங்கே கிறிஸ்துமஸ் என்றால் விடிய விடியப் பாட்டு. நான் உதட்டை மட்டும் அசைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

என் சன்னலிலிருந்து ஒரு ஆப்பிள் மரம் தெரிகிறது. இலை ஒன்றுமில்லை. இவ்வளவு நாள் இருந்தும் அந்த மரத்தை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்ததில்லை. இப்போது எங்களுக்குள் நல்ல பழக்கம்.

மருத்துவர் இப்போதெல்லாம் என்னிடம் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். எனக்குத் தாகமும் அதிகம். நேற்று டெர்ரின் ஏரி முழுவதையும் குடிப்பதாகக் கனவு வந்தது. பாதியில் உன் டப்பா பல்லில் தட்டியது, துப்பிவிட்டேன்.

உன் கேன் பத்திரமாக வந்தது. எல்லோருக்கும் தாராளமாக இருந்தது. காலி.

வேறென்ன? ஊர்க் கதை எழுது. யார் வழுக்கையானது, யார் தலைக்குச் சாயம் பூசியது, எல்லாம் எழுது. ஒன்றையும் விடாதே.

அட்ராக்டா

---

கில்காரன்,
ஜனவரி 23

அன்பு அக்கா,

படுத்துக்கொண்டு எழுதினால் மசி எப்படி இறங்கும்? நிமிர்ந்து உட்கார். காய்ச்சலா? உன் கடிதத்தை ஊனா இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க அக்கா எதையோ சொல்லாம விடறாங்க" என்றாள். "அவ பொறந்ததுலேந்தே அப்படித்தான்" என்றேன்.

தாகம் என்கிறாய், மருத்துவரும் தண்ணீர் தண்ணீர் என்கிறாராம். நீ ஏன் கேட்கக் கூச்சப்படுகிறாய்? இதோடு மூன்று பெரிய கேன்கள் வருகின்றன. நானே கிணற்றடியில் மண்டிபோட்டு மொண்டது. முழங்கால் இன்னும் நனைந்திருக்கிறது. மடமடவென்று குடி. சிறுநீரகத்துக்குத் தண்ணீர்தான் மருந்து என்று என் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவனும் சொல்கிறான். அவர்களில் பாதிப்பேருக்கு வேறு எதுவுமே தெரியாது, ஆனால் இது தெரிகிறது.

ஊர்க் கதை: பார்ட்லி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டான். உள்ளூர் வானொலியில் பேட்டி கொடுக்கப் போனானே, அதற்கு! "ரேடியோல உன் தலை தெரியாதுடா" என்றேன். "குரல்ல தெரியும்" என்கிறான். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கருவியை எப்படிச் செய்வது என்று எழுதிக்கொண்டு போனார்கள். பூஜ்யத்துக்குக் கோவான் தண்ணீரையும் ஒரு புட்டி கொடுத்தனுப்பினோம். நம் பங்குக்கு நாமும் இனாமாகக் கொடுக்க வேண்டாமா?

உன்னைப் பார்க்க வரட்டுமா? பார்வையாளர் அறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

உன் தம்பி,
மாலகி

---

பாலிஹாரன் மடம்,
பிப்ரவரி 17

தம்பிக்கு,

இப்போது வராதே. பார்வையாளர் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். உன் கறுப்புக் கோட்டு பாழாகிவிடும்.

எனக்குக் கன்னம் வந்திருக்கிறது. முகம் கொஞ்சம் உப்பித் தலைத்துணி இறுக்குகிறது. சின்ன வயதில் என்னை எலும்பி என்று கூப்பிடுவாயே, இப்போது பார்த்தால் வாபஸ் வாங்குவாய்.

கேன்கள் வந்தன. நீ மண்டியிட்டு மொண்டாய் என்பதை மதரிடம் சொன்னேன். "நல்ல தம்பி" என்றார். எனக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் இன்னொருவர் சொல்லிக் கேட்பது நன்றாயிருந்தது.

வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, நெற்றியில் சாம்பல். அதன் பிறகு ஈஸ்டர் வரை மௌனம். நீ எழுதுவதை நிறுத்தாதே. கூடையில் சேரட்டும், ஈஸ்டரன்று எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படித்துவிடுகிறேன். வேடிக்கையாக எழுது.

ஊனாவுக்கு என் அன்பைச் சொல். அவள் கெட்டிக்காரி.

அட்ராக்டா

---

கில்காரன்,
மார்ச் 7

அக்கா,

இதை நீ ஈஸ்டருக்கு முன்பு படிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். யாராவது இதை உனக்கு முன்னால் பிரித்துவிட்டால் அவர்களுக்குப் பாவம் ஒட்டாது, பங்குச்சாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காதே.

பார்ட்லிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கருவிக்கு மாதாமாதம் பூஜ்யத்தைப் புதுப்பிக்க வேண்டும். கிணற்றடிக்கு இறங்க அவனால் முடியவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் ஊனா இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்ற வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டி இருந்தது. கடையில் விற்பது, உப்பு, மண் எதுவும் இல்லாமல் வடித்தது. "அவசரத்துக்கு இது போதும்" என்றான். அதைக் காட்டிப் பூஜ்யம் வைத்துவிட்டு ஏரித் தண்ணீரைக் காட்டினான். எண் மேலே ஏறிக்கொண்டே போனது. கருவி கெட்டுவிட்டது என்று பார்ட்லி அதைத் தட்டினான். நம் வீட்டு டிவியைத் தட்டிய மாதிரியே தட்டினான். குழாய்த் தண்ணீரைக் காட்டினோம், ஏறியது. அப்புறம் கிணற்றுக்கு ஓடினேன். நான்தான் கோவான் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். எல்லாவற்றையும் விட உயரமாக ஏறியது.

புரிகிறதா அக்கா? ஏரி சுத்தமாக இருந்ததால் அது கிணறு மாதிரி இருந்தது என்றில்லை. கிணறு ஏரி மாதிரி அழுகியிருக்கிறது. அழுக்கையே பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்தோம். அது பாவம், நாங்கள் சொன்னதை நம்பியது. நாங்கள் கோவானை நம்பியது மாதிரி.

இந்த ஊரிலேயே சுத்தமான தண்ணீர் குடிக்கும் ஒரே ஜீவன் என் மனைவியின் இஸ்திரிப் பெட்டி.

ஊர்ப் பெயர் சொல்லாமல் கிணற்றுத் தண்ணீரைத் தனியார் சோதனைச்சாலை ஒன்றுக்கு அனுப்பினேன். மனிதக் கழிவாம். அதில் சிறுநீரகத்தைத் தாக்கும் கிருமியும் இருக்கிறதாம். அந்த வார்த்தையைப் படித்துவிட்டு நாற்காலியில், வாடிக்கையாளர் நாற்காலியில், உட்கார்ந்தேன். எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். யாத்திரிகர்கள் வசதிக்காகக் கிணற்றுக்கு மேலே மேட்டில் கழிப்பறை கட்டியது எங்கள் கொட்டகைதான். குழாய் பதித்தது நான்.

மடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "தவக்காலமாதலால் ஜெப விண்ணப்பங்களை மட்டும் பதிவு செய்யவும்" என்று ஒரு குரல். அதன் பிறகு பீப் என்றது. "என் அக்காவுக்காக ஜெபியுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

குடிக்காதே. பெரிய எழுத்தில் எழுதுகிறேன், உறையைத் தாண்டித் தெரியட்டும்: குடிக்காதே.

மாலகி

---

கில்காரன்,
மார்ச் 21

அக்கா,

முந்தின கடிதம் கூடையில் கிடக்கிறது என்று தெரியும். இதுவும் அதன் மேல் விழும்.

நேரிலேயே வந்தேன். கார்க் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஒத்திகை செய்தேன். மடத்து வாசலில் சுவரில் பதித்த, ஆள் தெரியாமல் பொருள் கைமாற்றும் அந்தச் சுழலும் மரப்பெட்டி முன்னால் நின்று மணி அடித்தேன். உள்ளேயிருந்து குரல்.

"யாரு?"

"மாலகி. சிஸ்டர் அட்ராக்டாவோட தம்பி."

"ஓ, கலைமான் தம்பியா!"

"அக்கா எப்படி இருக்காங்க?"

"ஓய்வுல இருக்காங்க. தவக்காலம் பாருங்க."

"நான் ஒரு கேன் தண்ணி... மூணு கேன் அனுப்பினேன். அதத் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"குடுத்த தண்ணியத் திருப்பியா?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் இருந்தது. ஆனால் 'கலைமான் தம்பி' என்று சிரித்த அந்தக் குரலிடம், நான் அனுப்பியது சாக்கடை என்று எப்படிச் சொல்வது? "லேபிள் மாத்தி ஒட்டிட்டோம்" என்றேன். லேபிள்! ஒருநாளும் நான் லேபிள் ஒட்டியதில்லை.

உள்ளே காலடிகள் போய் வந்தன. பிறகு மரப்பெட்டி கிறீச்சென்று சுழன்றது. உள்ளே என் கேன்கள், கழுவிக் கவிழ்த்து வைத்தபடி.

"எல்லாம் காலிங்க. ஒரு சொட்டு கூட மிச்சமில்லனு சிஸ்டர் அட்ராக்டா சொல்லச் சொன்னாங்க."

'அவங்கள டாக்டர்கிட்ட காட்டுங்க' என்று சொல்லியிருக்கலாம். 'மதரைக் கூப்பிடுங்க' என்று சொல்லியிருக்கலாம். "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றேன். பார்வையாளர் அறைச் சன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அங்கே யாரும் வெள்ளையடிக்கவில்லை அக்கா. சுவரெல்லாம் பழுப்பு.

நான் கேன்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேடிக்கையாக எழுதச் சொன்னாய். முயற்சி செய்தேன்.

மாலகி

---

கில்காரன்,
ஏப்ரல் 18

மதிப்பிற்குரிய மதர் கன்சிலியா அவர்களுக்கு,

தாங்களும் சகோதரிகளும் நலமா? அக்காவின் அடக்கத்தன்று தங்கள் எல்லோரையும் கம்பிக்கு அப்பால் வரிசையாகப் பார்த்தேன். அவள் எழுதிய அந்த இருமலை வைத்துத் தங்களைத் தேடினேன். அன்று எல்லோரும் ஒரே மாதிரி இருந்தீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று போனாள் என்று தாங்கள் தொலைபேசியில் சொன்னபோது நான் ஒருவருக்குப் பாதி முடி வெட்டியிருந்தேன். மீதியை ஊனா வெட்டிவிட்டாள். அந்த மனிதர் தொப்பியோடு அலைகிறார்.

கேலி செய்யாமல் எழுத எனக்கு வராது மதர். மன்னித்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்காவை நான்தான் கொன்றேன். கூடையில் என் இரண்டு கடிதங்கள் கிடக்கின்றன. எப்படி என்பதை அதில் எழுதியிருக்கிறேன். அவள் தாகம் என்று சொன்னாள், நான் கிணற்றிலிருந்த கிருமியைக் கேன் கேனாக அனுப்பினேன், குடி குடி என்றேன். சுழல்பெட்டி முன்னால் வந்து நின்றும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? மருத்துவர் என்ன சொன்னார்? கடைசியில் அதைத்தான் குடித்தாளா? மற்ற சகோதரிகள் யாராவது குடித்தார்களா? தயவுசெய்து எதையும் மூடாமல் எழுதுங்கள்.

ஊரில் சொல்லிவிட்டோம். பள்ளிக்கூட மண்டபத்தில் நானும் பார்ட்லியும் மேடையில் நின்றோம். பார்ட்லி இஸ்திரிப் புட்டியைத் தூக்கிக் காட்டினான். அழுதான். அவன் சாயம் கன்னத்தில் இறங்கியது, சிரித்துவிட்டார்கள். "நவம்பர்ல சுத்தம்னீங்க, இப்ப சாக்கடைங்கிறீங்க. மே மாசம் என்ன, பால் வருமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "கோவான் எங்க அப்பாவோட கண்ணக் குணப்படுத்தினார். உங்க டப்பா யாரக் குணப்படுத்திச்சு?" என்றார். மாவட்டத்தார் அறிவிப்பை மறுபடி அனுப்பினார்கள், ஒருவரும் ஒட்டவில்லை. நான் மட்டும் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். யாரோ ஏரியிலிருந்து கருவியைப் பிடுங்கிப் பார்ட்லி வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஈஸ்டரன்று கிணற்றடியில் வரிசை சாலை வரைக்கும் நின்றது. எல்லோர் கையிலும் கேன்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் எழுதினோம், நாங்கள் கொடுத்த பூஜ்யத்தைக் கொட்டிவிடுங்கள் என்று. எண் நன்றாகத்தான் வருகிறது, மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தது.

அக்காவின் ஆத்துமாவுக்காகவும், கேட்கத் தகுதியில்லாத எனக்காகவும் ஜெபியுங்கள்.

மாலகி

---

பாலிஹாரன் மடம்,
ஏப்ரல் 27

அன்புள்ள மாலகி அவர்களுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்கள் இல்லத்தில் தங்கட்டும். உங்கள் மனைவியார் நலமென நம்புகிறேன்.

கூடையிலிருந்த கடிதங்களை நான் படித்தேன். அவை சகோதரிக்கு வந்தவை; அவர் இல்லாததால் பொறுப்பு என்னுடையது. நீங்கள் கேட்டபடி எதையும் மூடாமல் எழுதுகிறேன்.

சகோதரி அட்ராக்டாவின் சிறுநீரகங்கள் இரண்டும் சென்ற ஆகஸ்டிலேயே முற்றிலும் நின்றுவிடும் நிலைக்கு வந்துவிட்டன. நீங்கள் அந்தக் கருவியை ஏரியில் இறக்குவதற்கு முன்பே. இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யலாம் என்றார் மருத்துவர். அதற்கு வாரம் மூன்று முறை மடத்தை விட்டு வெளியே போக வேண்டும். சகோதரி மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தினேன், பலனில்லை. தண்ணீரை மருத்துவர் அளந்துதான் கொடுத்தார், நாளுக்குச் சில வாய். அதைப் பற்றித்தான் மருத்துவர் அவரிடம் ஓயாமல் பேசினார். தாகம்தான் சகோதரியை மிகவும் வாட்டியது. ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொள்வார்.

உங்களுக்கு எழுதுகிறேன் என்று நான் பலமுறை சொன்னேன். "வேண்டாம் மதர். தெரிஞ்சா அவன் வேடிக்கையா எழுதறத நிறுத்திடுவான். வெளிலேந்து எனக்கு வர்ற சிரிப்பு அது ஒண்ணுதான்" என்றார். உங்கள் கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். தவக்காலத்தில் வந்த இரண்டு உறைகளையும் கூடையில் பார்த்துவிட்டு, "கனமா இருக்கு, நிறைய சிரிப்பு இருக்கும்" என்று சொன்னார்.

நீங்கள் வாசலுக்கு வந்த நாளில் அவர் நினைவோடுதான் இருந்தார். நீங்கள் கேட்டிருந்தால் உள்ளே அழைத்திருப்பேன். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். மூடாமல் எழுதச் சொன்னீர்கள்.

ஜெபங்களில் நினைவுகூருகிறோம்.

சகோதரி மேரி கன்சிலியா

கையெழுத்திட்ட பிறகே கவனித்தேன், தண்ணீரைப் பற்றிய உங்கள் கேள்வி விடுபட்டுவிட்டது. மடத்துக்கு வந்த முதல் வருஷம் சகோதரி அதில் ஒரு மடக்குக் குடித்தார். தவளை வாடை என்றார். அதன் பிறகு ஒருநாளும் தொடவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. உங்கள் மனம் நோகும் என்பதால் சொல்ல வேண்டாமென்றார். நீங்கள் அனுப்பியது எல்லாமே பின்பக்கக் கோழிகளுக்குத்தான் ஊற்றப்பட்டது. கோழிகள் யாவும் நலம்.